புறங்கைச் சூடு

பெரியம்மா எதையும் உள்ளங்கையால் தொட்டுப் பார்த்ததில்லை. சூளைச் சுவர், காய்ச்சல் கண்ட பிள்ளையின் நெற்றி, பஸ் ஸ்டாண்டு டீக்கடைத் தம்ளர், எதுவானாலும் புறங்கைதான். விரல்களை லேசாக மடக்கிக் கையின் பின்பக்கத்தை வைப்பார். கண்ணை மூடிக்கொள்வார். பிறகு தீர்ப்பு. பெரும்பாலும் ஒரே தீர்ப்பு.

"ஆறட்டும்."

உள்ளங்கை களிமண்ணிலேயே கிடந்து காய்த்துவிட்டதாம். அதற்கு எல்லாமே ஜில்லென்றுதான் இருக்குமாம். புறங்கைத் தோல்தான் பொய் சொல்லாது என்பார்.

அவர் என் அம்மாவின் அக்கா. விருத்தாசலம் செராமிக் தொழிற்பேட்டையில் ஒரு ஷெட் வைத்துப் பீங்கான் பியூஸ் கட்டை செய்துகொண்டிருந்தார். வீட்டு மெயின் போர்டில் வெள்ளையாகச் சொருகியிருக்குமே, அதுதான். பெரியப்பா சீக்கிரமே போய்விட்டார். ஒரு ஷெட், அதன் மூலையில் ஒரு சூளை, செல்வி என்று ஒரே மகள்.

சரக்கை அடுக்கி, சூளை வாசலைச் செங்கல் வைத்து மண் பூசி அடைத்துவிட்டுத்தான் தீ மூட்டுவார்கள். எரிப்பது ஒரு வேலை. ஆறவிடுவது அதைவிடப் பெரிய வேலை, ஏனென்றால் அதில் செய்வதற்கு ஒன்றுமே கிடையாது. சும்மா இருக்க வேண்டும். உள்ளே சூடு இருக்கும்போதே வாசலைப் பிரித்தால், வெளிக்காற்று பட்ட மாத்திரத்தில் டிங் டிங்கென்று ஒவ்வொரு கட்டையாக விரிசல் விடும். விறகும் போச்சு, மண்ணும் போச்சு, உழைப்பும் போச்சு.

எண்பதுகளின் கடைசியில், நான் பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்தபோது, சேலத்து வியாபாரி ஒருவர் வேனோடு வந்து சூளை முன்னால் நின்றார்.

"ஏம்மா, நாளைக்குக் கடையில சரக்கு இல்லன்னா என் மானம் போயிடும். பிரிங்க."

பெரியம்மா சுவரில் புறங்கையை வைத்துப் பார்த்தார். "இப்பப் பிரிச்சா என் சரக்கு போயிடுங்க. மானம் பரவால்ல, திரும்ப வரும்."

"ரெண்டு பங்கு வெல தரேன்."

"விரிஞ்ச கட்டைக்கா?"

வியாபாரி கோபித்துக்கொண்டு பக்கத்து ஷெட்டுக்குப் போனார். அங்கே பிரித்தார்கள். கொஞ்ச நேரத்தில் டிங் டிங் சத்தம் எங்கள் ஷெட்டு வரைக்கும் கேட்டது. பெரியம்மா டீயை ஊதிக்கொண்டே என்னைப் பார்த்தார். "கேட்டியாடி கச்சேரிய?"

அன்றிலிருந்து அவர் சொல்லுக்குப் பேட்டையில் ஒரு மரியாதை. பங்காளிச் சண்டை, சம்பளத் தகராறு, நின்றுபோன நிச்சயதார்த்தம், எல்லாம் அவரிடம் வரும். "சூட்டுல இருக்கீங்க. பொங்கலுக்கு அப்பறம் பேசுங்க" என்பார். பொங்கலுக்கு அப்புறம் பேசுவதற்கு ஒன்றும் மிச்சம் இருக்காது, தானாகவே அடங்கியிருக்கும். பெரும்பாலும் பலித்தது. அதுதான் பின்னால் வினையாகப் போனது.

நான் அவருக்கு நேர் எதிர். கல்லூரி முடித்துக் கடைவீதியில் ஒரு கம்ப்யூட்டர் சென்டரில் சொல்லிக்கொடுக்கச் சேர்ந்தேன். சொல்லிக்கொடுத்ததைவிடத் திறந்து பார்த்ததுதான் அதிகம். எந்தப் பெட்டியில் எந்தத் திருகாணி தெரிந்தாலும் கை அரிக்கும். கம்பெனி கம்ப்யூட்டர் வாங்குகிறவர்களைப் பார்த்தால் எனக்குப் பரிதாபமாக இருக்கும். பாகம் பாகமாக வாங்கி நாமே மாட்டினால் எவ்வளவு குறைவு! ஊரில் டாக்டர் வீட்டுக்கு ஒன்று, அரிசி மண்டிக்கு ஒன்று, என் கையால் உயிர் பெற்றவை அவை. பெரியம்மா என்னை "ஸ்க்ரூ டிரைவரு" என்றே கூப்பிடுவார்.

தொண்ணூறுகள் முடியப்போகிற அந்த வருடக் கோடையில் செல்வி அக்கா திட்டக்குடியிலிருந்து ஒற்றைப் பையோடு வந்து இறங்கினாள். கட்டிக்கொடுத்து மூன்று வருடம் ஆகியிருந்தது. அவள் வீட்டுக்காரருக்கு அங்கே உரக்கடை. அக்காவின் இடது கன்னம் வீங்கியிருந்தது.

"மாடிப்படியில விழுந்துட்டேன்" என்றாள்.

"உங்க வூட்டுக்கு மாடி ஏதுடி?" என்று நான் கேட்டேன்.  பெரியம்மா அவள் கன்னத்தில் புறங்கையை வைத்தார்.

"ரெண்டு பேருக்கும் சூடு. இங்க கொஞ்ச நாள் இரு. மாப்ள மனசு ஆறட்டும்."

அக்கா என்னைத் தனியாகப் பிடித்துக்கொண்டாள். "நான் திரும்பிப் போவ மாட்டேன்டி. ஆனா அம்மா அனுப்பிடும். என் கையில நாலு காசு வந்தா அனுப்பாது. எனக்கு ஒரு வழி பண்ணு."

வழி இருந்தது. பாண்டிச்சேரியில் ஒரு கம்பெனி, கையால் எழுதிய விண்ணப்பங்களைக் கட்டுக்கட்டாகக் கொடுத்து, வீட்டிலேயே டைப் செய்து பிளாப்பியில் திருப்பித் தரச் சொன்னது. சொந்தக் கம்ப்யூட்டர் இருக்க வேண்டும், அவர்கள் கேட்கும் அளவுக்கு மெமரி இருக்க வேண்டும், தீபாவளிக்குள் தயாராக இருக்க வேண்டும். அக்காவுக்கு டைப்பிங் ஏற்கெனவே தெரியும். சென்டரில் மத்தியான நேரத்தில் உட்கார்ந்து கம்ப்யூட்டரும் பழகினாள். விரல்களா அவை? மழை கொட்டுகிற மாதிரி அடிப்பாள். என் மாணவர்கள் பாடத்தை விட்டுவிட்டு அவளைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

ஆச்சரியம், பெரியம்மா சம்மதித்தார். "மெஷினு வூட்டுல இருந்தா நல்லதுதான். சும்மா ஒக்காந்து அழுவாம இருப்பா." ஆனால் அவர் வழியில்தான் வாங்க வேண்டும். ஒவ்வொன்றும் விலை இறங்கும்போது ஒவ்வொன்றாக.

நான் விருத்தாசலம் ஜங்ஷனில் ரயிலேறி, சென்னையில் கம்ப்யூட்டர் சாமான் விற்கிற ரிச்சி தெருவுக்குப் போய்ப் போய் வந்தேன். முதலில் கேபினெட். பிறகு கீபோர்டு. மானிட்டரை மடியில் குழந்தை மாதிரி வைத்துக்கொண்டு வந்தேன், எதிர் சீட்டு அம்மாள் "தூங்குதா?" என்று கேட்டார். மதர்போர்டு, ஹார்ட் டிஸ்க், பிராசஸர். பெரியம்மா சொன்னபடி பொறுத்து வாங்கியதில் உண்மையாகவே எல்லாமே மலிவாக அமைந்தது. எனக்கே பெரியம்மாமேல் ஒரு பக்தி வந்துவிட்டது.

மெமரியை மட்டும் கடைசிக்கு வைத்தோம். சீப்பு மாதிரி விரல் நீளத்துக்கு ஒரு பச்சைப் பட்டை, அவ்வளவுதான். அது மாதாமாதம் விலை சரிந்துகொண்டே வந்தது. கம்ப்யூட்டர்க்காரர்கள் எல்லோரும் சொன்ன பாடமே அதுதான்: மெமரியைக் கடைசியில் வாங்கு, காத்திருக்கக் காத்திருக்க லாபம். பெரியம்மாவுக்கு இந்தப் பாடம் அல்வா. "பாத்தியா, ஒன் மெஷினுக்கும் தெரிஞ்சிருக்குது" என்றார்.

அப்போதுதான் தைவானில் பூகம்பம் வந்தது.

டிவி செய்தியில் இடிந்த கட்டிடங்களைக் காட்டினார்கள். அடுத்த வாரம் நான் ரிச்சி தெருவில் போய் நின்றபோது, கடைக்காரர் கால்குலேட்டரில் ஒரு எண்ணை அடித்துத் திருப்பிக் காட்டினார். போன தடவை கேட்டதைவிட இரண்டு மடங்குக்கும் மேலே.

"என்னங்க, தப்பா அமுக்கிட்டீங்களா?"

"காலையில வந்திருந்தா இதைவிடக் கம்மி மேடம்."

"ரயிலு லேட்டுங்க."

"அப்ப மிச்சத்த ரயில்வேகிட்ட கேளுங்க."

அங்கே சில்லு செய்கிற தொழிற்சாலைகள் நின்றுவிட்டன, இனி சரக்கு எப்போது வருமோ என்றார்கள். காலையில் ஒரு விலை, மத்தியானம் ஒரு விலை. பவுன் விலையைப் பேசுகிற மாதிரி மெமரி விலையைத் தெருவில் காதோடு காதாகப் பேசினார்கள். வெறுங்கையோடு திரும்பினேன்.

பெரியம்மா நான் சொன்னதை முழுக்கக் கேட்டார். பிறகு யாரும் கேட்காத ஒரு கேள்வியைக் கேட்டார். "அதையும் சூடு பண்ணித்தான செய்வாங்க?"

"ஆமாம். பெரிய உலையெல்லாம் உண்டு."

"பாவம்டி. பூமி ஆடுனப்ப உள்ள இருந்த சரக்கு அத்தனையும் போயிருக்கும். மறுபடி அடுக்கி, மூட்டி, ஆறவிட்டு எடுக்கணும். அதுவரைக்கும் வெல அப்பிடித்தான் நிக்கும். பொறு. எறங்கும்."

"தீபாவளிக்குள்ள எறங்குமா?"

"அது சூளைக்குத் தெரியுமா தீபாவளி எப்பன்னு?"

பணம் இல்லாமல் சொல்லவில்லை. அந்த மாதம் ஒரு சூளைச் சரக்கு முழுக்க விற்றிருந்தது. பெட்டியில் இருந்தது பணம். அந்த விலைக்கு வாங்கலாம், வாங்கிவிட்டுப் பட்டினி கிடக்க வேண்டியதில்லை. ஆனால் ஏறிய விலையில் வாங்குவது அவருக்குச் சூடான சூளையைப் பிரிப்பதுதான். அவர் உடம்பு ஒத்துக்கொள்ளவில்லை.

நான் விடவில்லை. "பாதி மெமரி போட்டு ஆரம்பிச்சிடலாம் பெரிம்மா. மெதுவா ஓடும். ஆனா ஓடும்."

பெரியம்மா ஷெட்டு மூலையிலிருந்து ஒரு வெள்ளைக் கட்டையை எடுத்துக் கொடுத்தார். "நாக்குல வை."

வைத்தேன். நாக்கு அதில் ஒட்டிக்கொண்டது. பிடுங்கி எடுக்க வேண்டியிருந்தது.

"அரைவேக்காடு. ஈரத்தக் குடிக்கும். இத மண்ணுன்னும் சொல்ல முடியாது, பீங்கான்னும் சொல்ல முடியாது. கரண்டு பாஞ்சா ஆளக் கொல்லும். பாதி வேலை எதுக்கும் ஒதவாது ஸ்க்ரூ டிரைவரு."

 அவர் சொன்ன ஒவ்வொன்றும் சரி. ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தால் ஒன்றில்கூடத் தப்புக் கண்டுபிடிக்க முடியாது. எனக்கு ரத்தம்தான் கொதித்தது. என் அப்பா பணம் தருகிறேன் என்று வந்தார். "ஒம் பணமா இருந்தா மட்டும் அது முட்டாள் வெல இல்லன்னு ஆயிடுமா?" என்று பெரியம்மா திருப்பி அனுப்பிவிட்டார்.

மெஷின் முழுவதும் மாட்டித் தயாராக இருந்தது, அந்தப் பச்சைப் பட்டையைத் தவிர. மெமரி இல்லாத கம்ப்யூட்டரைப் போட்டால் திரை இருட்டாகவே இருக்கும். பெட்டிக்குள்ளிருந்து மட்டும் நீளமாக ஒரு பீப் சத்தம் வரும். நிற்கும். மறுபடி வரும். பட்டையைச் சொருகும்வரை கத்திக்கொண்டே இருக்கும். அக்கா தினமும் அதைப் போட்டுவிட்டு உட்காருவாள். கத்தலுக்கு நடுவே, இருட்டுத் திரையைப் பார்த்துக்கொண்டு டைப் அடித்துப் பழகுவாள்.

"நிறுத்துடி அத, பச்சப்புள்ள கத்தற மாதிரி இருக்குது" என்பார் பெரியம்மா.

"பசியில கத்துதும்மா" என்பாள் அக்கா, விரலை நிறுத்தாமல்.

நான் வாரத்துக்கு ஒரு தடவை ரிச்சி தெருவுக்கு எஸ்டிடி பூத்திலிருந்து போன் செய்வேன். பெரியம்மா ஷெட்டு வாசலிலேயே நின்று கேட்பார். "இன்னைக்கு என்ன வெல?" ஏறிவிட்டது என்பேன். "ஏறட்டும். உச்சிக்குப் போனாத்தான எறங்கும்?" என்பார். அவர் முகத்தில் கவலையே இருக்காது. எனக்கு அந்த முகத்தைப் பார்க்கப் பயமாக இருக்கத் தொடங்கியது.

தீபாவளி வந்தது, போனது. பாண்டிச்சேரிக் கம்பெனி அக்காவுக்கு வைத்திருந்த இடத்தை வேறு யாருக்கோ கொடுத்துவிட்டது. பலகாரத் தட்டோடு மாப்பிள்ளை வந்தார். வெள்ளை வேட்டி, பவுடர், சிரிப்பு. பெரியம்மா காலில் விழுந்து கும்பிட்டார். "கோவத்துல ஏதோ ஆயிடுச்சுங்க அத்த. இனிமே அப்பிடி ஆவாது."

பெரியம்மா அவரையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு உள்ளே வந்தார். "மாப்ள ஆறிட்டாருடி. கெளம்பு."

"எம்மா, நீ அவரத் தொட்டுப் பாத்தியா?" என்றாள் அக்கா.

"மூஞ்சியப் பாத்தாலே தெரியுது."

அக்கா பையை எடுத்துக்கொண்டாள். கம்ப்யூட்டருக்குப் பழைய புடவையால் மூடி போட்டாள். பஸ் ஏற்றிவிடப் போன என்னிடம் மெதுவாகச் சொன்னாள். "அம்மா எப்பவும் சூளைக்கு வெளியதானடி நின்னுருக்குது." திட்டக்குடி பஸ்ஸின் ஜன்னலிலிருந்து அவள் கையாட்டவில்லை.

தையில் மெமரி விலை சரிந்தது. பெரியம்மா சொன்னபடியேதான். தொழிற்சாலைகள் மறுபடி ஓடின, சரக்கு வந்தது, பழைய விலைக்குப் பக்கத்தில் வந்து நின்றது. நான் போனை வைத்துவிட்டுச் சொன்னபோது பெரியம்மா சின்னப் பெண் மாதிரி கைதட்டினார்.

"சொன்னனா? சொன்னனா இல்லியா? போயி வாங்கிட்டு வா. ரெண்டு பங்காவே வாங்கு. மாசி மகத்துக்கு அவ வருவா, அதுக்குள்ள மாட்டி வை."

மாட்டினேன். இந்தத் தடவை மெஷின் கத்தவில்லை. குட்டியாக ஒரு பீப், அவ்வளவுதான். திரையில் வெள்ளை எழுத்தில் மெமரி எண்கள் கடகடவென்று ஏறின. பெரியம்மா பெட்டியின்மேல் புறங்கையை வைத்துப் பார்த்தார். "எதமான சூடு" என்றார். அவ்வளவு சந்தோஷமாக நான் அவரைப் பார்த்ததில்லை.

மாசி மகத்தன்று ஊர் நிறையக் கூட்டம். சாமி கும்பிட்டுவிட்டு அக்காவும் மாப்பிள்ளையும் மத்தியானம் வீட்டுக்கு வந்தார்கள். மாப்பிள்ளை வெளியே ஸ்டூலில் உட்கார்ந்து விசிறிக்கொண்டார். பெரியம்மா அக்காவின் தோளைப் பிடித்துக் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார வைத்தார். "அடி பாக்கலாம். நீ மழ மாதிரி அடிப்பேன்னு ஸ்க்ரூ டிரைவரு சொல்லுவா."

அக்கா இடது கையைக் கீபோர்டின்மேல் வைத்தாள். வலது கை புடவைத் தலைப்புக்குள்ளேயே இருந்தது. இடது கையால் ஒரு எழுத்து. நிறுத்தினாள். இன்னொரு எழுத்து. தன் பெயரை அடிக்கிறாள் என்று எனக்குப் புரிய நேரம் ஆனது.

"ரெண்டு கையால அடிடி" என்றார் பெரியம்மா.

அக்கா தலைப்பிலிருந்து கையை எடுத்தாள். நடு இரண்டு விரல்களும் கோணிக்கொண்டு நின்றன. அவை மடங்கவில்லை.

"கடை ஷட்டருல மாட்டிக்கிச்சும்மா."

வெளியிலிருந்து மாப்பிள்ளையின் குரல் வந்தது. "பாத்து நில்லுன்னா கேக்கறதில்லீங்க அத்த. சரி சரி, சீக்கிரம், பஸ்ஸுல எடம் கெடைக்காது."

பெரியம்மா புறங்கையை அந்த விரல்கள்மேல் வைத்தார். கண்ணை மூடினார். நெருப்பைத் தொட்டவர் மாதிரி கையை இழுத்துக்கொண்டார். பத்துப்பதினைந்து வருடமாக அவர் தொடுவதைப் பார்க்கிறேன், சூளைச் சுவரிலிருந்துகூட அப்படி இழுத்ததில்லை.

எழுந்து வாசலுக்குப் போனார்.

"மாப்ள, நீங்க கெளம்புங்க. அவ வரல."

"ஏங்க அத்த, என்ன திடீர்னு? எப்ப வந்து கூட்டிக்கிறது?"

"ஆறட்டும்."

"எப்ப ஆறும்?"

பெரியம்மா கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டார். அதன்மேல் முதுகை வைத்து நின்றார். மாப்பிள்ளை தட்டினார், கத்தினார், தெருக்காரர்கள் கூடினார்கள், கடைசியில் ஒற்றை ஆளாகப் பஸ்ஸுக்குப் போனார். பிறகு இரண்டு தடவை பஞ்சாயத்துக்கு ஆள் அனுப்பினார். இரண்டு தடவையும் அதே ஒரு வார்த்தைதான் பதில்.

ஆனால் விரல்கள் விரல்களாகவில்லை. எலும்பு கோணலாகவே சேர்ந்துவிட்டது, முதலிலேயே வந்திருந்தால் பார்த்திருக்கலாம் என்றார் டாக்டர். அக்கா இப்போது ஷெட்டில் பியூஸ் கட்டைகளுக்கு இடது கையால் மெருகு பூசுகிறாள். வந்ததும் ஒரு மாதம் கம்ப்யூட்டரைப் போட்டுப் பார்த்தாள், பிறகு விட்டுவிட்டாள்.

கோடையில் மெமரி விலை இன்னும் இறங்கியது. அரிசி மண்டி மெஷினுக்கு இன்னொரு பட்டை வாங்கப் போய்வந்த உற்சாகத்தில், வாய் சும்மா இருக்காமல், பெரியம்மாவிடம் சொல்லிவிட்டேன். "நம்ம வாங்கினதுல பாதிதான் பெரிம்மா இப்ப."

பெரியம்மா அக்காவின் கோணல் விரல்களுக்கு வெதுவெதுப்பாக எண்ணெய் நீவிக்கொண்டிருந்தார். புறங்கையால் அல்ல, உள்ளங்கையால். அந்தக் காய்த்த கையில் என்ன தெரிந்ததோ, தலை நிமிராமலே சொன்னார்.

"எனக்கு வெல சொல்லாத இனிமே."